மூன்று தண்ணீர்

"எத்தனை தடவைதான் சொல்றது, பூரணி? கண்டாக்கு வாசல்ல போய் நின்னு ஒரு பிடி மண்ணை வாரித் தூத்திட்டு வந்துரு. வயிறெரிஞ்சவ கை மண்ணு சும்மா விடாது."

"இந்த மலையில அடிக்கிற காத்துக்கு, தூத்துற மண்ணு என் கண்ணுலதான் வந்து விழும், மீனம்மாக்கா."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"அவன் வாயாலயே சொல்ல வைக்கணும். செவந்தி செத்தது என்னால இல்ல, அவன் வெட்டுன குழியாலன்னு. தொரை கேக்கணும். காலைப் பெரட்டுல வேலைக்கு வந்து நிக்கிற அத்தனை பேரும் கேக்கணும்."

"அது சரி! பூனைகிட்டப் போய், பாலைக் குடிச்சது நீதானேன்னு கேட்டா, ஆமான்னு தலையாட்டுமாக்கும்."

லிந்துலைக்கு மேலே, கருங்கல்மேட்டுத் தோட்டத்து மாட்டுப்பட்டியின் பின்புறம் இருவரும் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு வாளி. வாளி நிறையக் கறுப்புச் சாணிக் கூழ்.

அந்தக் கூழ் வந்த கதை இது. இரண்டு வருடத்துக்கு முன், 1961இல், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் செங்கல்லால் ஒரு தாங்கித் தொட்டி கட்டினார். சாணியையும் தண்ணீரையும் கரைத்து உள்ளே விட்டு, மேலே இரும்பு மூடியைக் கவிழ்த்தால் உள்ளுக்குள்ளேயே புளித்துக் கேஸ் எழும்பும். அது குழாய் வழியே போய்ப் பங்களா அடுப்பில் நீலமாக எரிந்தது. துரைக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கேஸ் போன பிறகு அடியில் மிஞ்சுகிற கூழை என்ன செய்வது என்று பத்திரிகையில் எழுதியவன் எழுதாமல் விட்டுவிட்டான் போலிருக்கிறது. வெயில் காய்கிற ஊரில் நாலு நாளில் அது வரட்டியாகிவிடும். இங்கே விடிந்தால் பனிமூட்டம், பொழுது சாய்ந்தால் மழை. மணல் பரப்பி, அதன்மேல் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து, கூழை ஊற்றிப் பார்த்தார்கள். கூழின் வழவழப்பு சாக்கின் கண்களை அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்கவில்லை.

"காயாதது எல்லாம் தூக்கிட்டுப் போய் மலைக்கு அந்தப் பக்கம் நாத்துமேடையில ஊத்தணும்," என்று துரை சொல்லியிருந்தார்.

தோட்டத்து வேலையையெல்லாம் மேற்பார்க்கும் கண்டாக்கு சிவசாமிக்கு அது வீண்வேலையாகப் பட்டது. மலை ஏறி இறங்க ஆள் எதற்கு? இரண்டு ஆட்களை வைத்துப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டினார். லயத்துப் பீலிக்கு, ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்க்கு, நேர் மேலே. அந்தப் பீலியில்தான் மூன்று லயத்து வரிசை வீட்டுச் சனமும் குடிக்கத் தண்ணீர் பிடித்தது. துரை கேட்டபோதெல்லாம், "எல்லாம் நாத்துமேடைக்குப் போயிருச்சுங்க தொரை," என்றார்.

ஆடி மழையில் குழியின் கரை உடைந்தது. அன்று காலை பீலியில் வந்த தண்ணீர் கறுப்பாக வந்தது, மத்தியானம் தெளிந்துவிட்டது. தெளிந்ததே என்று எல்லோரும் குடித்தார்கள். பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பத்துப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. பூரணியின் மூன்று வயது மகள் செவந்தி நாலாம் நாள் போய்விட்டாள்.

துரை ஆபீஸ் வாசலில் விசாரித்தார். "ஏன் பிள்ளை செத்துப் போனது?"

சிவசாமி கைகட்டி நின்று சொன்னார்: "இந்தப் பொம்பளைங்க பீலியிலேயே பீத்துணி அலசுறாங்க தொரை. எத்தனை சொன்னாலும் கேக்கிறதில்ல. இந்தப் பூரணியையே கேளுங்க. அன்னிக்கும் அலசிக்கிட்டுத்தான் இருந்தா."

"நீ அலசினது?"

"அலசுனேன் தொரை, ஆனா பீலிக்குக் கீழ, ஓடைக்கல்லுல..."

"அலசினது! அவ வாயாலயே சொல்லிட்டா தொரை."

அவ்வளவுதான் விசாரணை. குழி வெட்டிய இரண்டு ஆட்களும் மறுநாளே கீழ் டிவிசனுக்கு மாற்றப்பட்டார்கள். குழிமேல் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மிலாற்றுக் குச்சி மலைபோல் குவிக்கப்பட்டது. வேலையும் லயமும் கண்டாக்கு கையில் இருக்க, அதை இழுத்துப் போடத் துணிந்தவன் எவனும் இல்லை. பூரணியின் புருஷன் வீரய்யா, "விடு பூரணி. குடியிருக்கிற காம்பிராவையும் புடுங்கிட்டா எங்க போறது?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பீலியில் குடம் வைக்கப் போனால் பெண்கள், "பாவம், தன் கையாலயே..." என்று ஆரம்பித்து, அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பாதியில் நின்ற பேச்சுதான் அவளைத் தின்றது.

போதாக்குறைக்கு, கண்டாக்கு அவளைக் கொழுந்து மலையிலிருந்து எடுத்து, இந்தக் கூழை அள்ளி மலைக்கு அந்தப் பக்கம் சுமக்கிற வேலைக்கே போட்டார்.

"துணி அலசத் தெரிஞ்சவளுக்கு ஏத்த வேலை," என்றார் சிரித்துக்கொண்டு.

*

லிந்துலைக் கடைவீதியில் இஸ்ஸதீன் நானாவின் கடை. ஞாயிற்றுக்கிழமை பூரணி அங்கே போய் நின்றாள்.

"நானா, பீலித் தண்ணியைப் பாத்தாலே பயமா இருக்கு. கலங்கல் தெளிய ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இதென்ன பெரிய விஷயம் தங்கச்சி? படிகாரம் இருக்கு. கொஞ்சம் கரைச்சு ஊத்தினா அழுக்கெல்லாம் ஒண்டோட ஒண்டு சேந்து அடியில உக்காந்துரும். கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும், சரியா?"

"எந்த அழுக்கா இருந்தாலுமா?"

"மனுசன் மனசு அழுக்கைத் தவிர." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு, இரண்டு கட்டி படிகாரத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

வீட்டில் தண்ணீரில் போட்டாள். தெளிந்தது. அப்போதுதான் அவளுக்கு வாளிக் கூழின் நினைவு வந்தது. அதுவும் அழுக்குத்தானே? அழுக்கெல்லாம் ஒன்று சேர்ந்தால் சாக்கின் கண் அடைபடாதே?

கூரை மூலையில் நாலு மருந்துப் போத்தல் இருந்தது. செவந்திக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து வந்த போத்தல்கள். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று கத்திரியால் பல்பல்லாக வெட்டி ஒட்டிய காகிதப்பட்டி இன்னும் அவற்றில் ஒட்டியிருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தாள். மறுநாள் அவற்றைப் படங்கில் சுற்றி மாட்டுப்பட்டிக்கு எடுத்துப் போனாள்.

மீனம்மா வாயில் வெற்றிலையோடு எட்டிப் பார்த்தாள். "என்னடி, கூழுக்கு மருந்து கலக்குறியா? காலையில ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணா?"

"சும்மா இருக்கா. ஒரு பல்லு அளவு ஊத்திப் பாப்போம்."

படிகாரத் தண்ணீர் பட்டதுதான் தாமதம், கூழ் சோடாவைப் போலப் பொங்கிப் போத்தல் வாயால் வழிந்தது. நுரை அடங்கிய பிறகும் கூழ் கூழாகவே இருந்தது. இரண்டு பல் ஊற்றினாள். இன்னும் அதிகம் பொங்கியது. சுண்ணாம்பைப் போட்டாள், மூக்கைத் துளைக்கும் காரம் கிளம்பி இரண்டு பேர் கண்ணிலும் தாரையாக நீர் வடிந்தது.

"அடிப்பாவி, செத்த வீட்டுக்குக்கூட நான் இப்படி அழுததில்லையே!"

பூரணி யோசித்தாள். எட்டு நாள் யோசித்தாள். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கை நின்றது. முதல் தண்ணீர் வெள்ளையாக நுரைத்தது. இரண்டாவது கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது தண்ணீரில் அரிசி தெரிந்தது. அந்தப் பொங்குகிற சங்கதி கூழின் தண்ணீரில்தான் இருக்கிறது, கூழில் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் கூழை வாளியில் விட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அடியில் தங்கும்வரை காத்திருந்து மேல் தண்ணீரைச் சாய்த்தாள். அப்படி மூன்று தண்ணீர். மூன்றுக்கும் இரண்டு நாள் ஆயிற்று. பிறகு போத்தலில் அரைப் பல் படிகாரம், ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. பொங்கவில்லை. பால் திரிந்த மாதிரி கூழ் திரி திரியாகப் பிரிந்து அடியில் உட்கார, மேலே கண்ணாடி போலத் தண்ணீர் நின்றது. சாக்கில் கவிழ்த்தபோது தண்ணீர் சடசடவென்று இறங்கியது. மேலே மிஞ்சியதைப் பிடித்தால் பிட்டு மாவு போல உருண்டது.

மீனம்மா அந்த உருண்டையை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். "நாத்தமே இல்லையேடி! தொரைகிட்டச் சொல்லு. ஒனக்கு நல்ல பேரு வரும்."

"எனக்கு நல்ல பேரு வேணாம். அவன் வரட்டும்."

அவர் வந்தார். மணல் மேடையில் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்த கூழைக் கம்பால் குத்திப் பார்த்தார். "என்ன போட்ட?"

"படிகாரமும் சுண்ணாம்புமுங்க ஐயா."

கழுவுகிற சங்கதியை அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தக் கிழமையே துரையிடம், "நான்தாங்க தொரை கண்டுபிடிச்சேன். புத்தகத்துல தேடி எடுத்தது," என்று சிவசாமி சொன்னதாகப் பங்களாச் சமையல்காரன் மூலம் லயத்துக்குச் செய்தி வந்தது.

"கேட்டியா அநியாயத்தை! ஒன் கை வேலையைத் தின்னுட்டு ஏப்பம் விடுறான்."

"திங்கட்டும்க்கா. நல்லா வயிறு முட்டத் திங்கட்டும்."

*

பங்குனி மாதத்தில் ஒரு நாள் கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களும் இதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சிவசாமி மாட்டுப்பட்டிக்கு வந்தார். சிமெந்துத் தொட்டியில் கூழ் நிறைந்திருந்தது. பூரணி கழுவுவதற்காகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"இதென்ன இத்தனை வாளி?"

"கூழைக் கழுவணுமுங்க ஐயா. மூணு தண்ணி. இன்னிக்கித் தொடங்குனா நாளான்னிக்கித்தான் முடியும்."

"தண்ணியைப் போக்குறதுக்குத் தண்ணி ஊத்துறதா? பொம்பளைப் புத்தியைப் பாரு! நாளைக்குத் தொரைமாருக்கு முன்னால நான் மருந்தை ஊத்தணும், அவங்க கண்ணு முன்னாலயே தண்ணி இறங்கணும்."

"அப்ப கழுவ வேணாமுங்களா ஐயா?"

"வேணாம்."

"பெறகு பூரணி சொல்லலைன்னு..."

"கழுவ வேணாங்கிறேன்! வேணும்னா படிகாரத்தை ரெண்டு மடங்கா கரைச்சு வை. இதைக் கண்டுபிடிச்சது யாரு? நானா, நீயா?"

"நீங்கதாங்க ஐயா," என்றாள் பூரணி. மீனம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

அவர் போன பிறகு மீனம்மா கேட்டாள். "பொங்குமேடி!"

"பொங்கட்டும்."

"பொங்குனா அவனுக்கு அவமானம். அதோட சரியா?"

"பொங்குனா காயாது. காயலைன்னா தொட்டி நிறைய கூழ் நிக்கும். மேகம் கறுத்துக்கிட்டு வரும். இதை எங்க கொட்டுறதுன்னு தொரை கேப்பாரு. அந்த நேரத்துல அவன் வாயில எது வருதுன்னுதான் நான் பாக்கணும்."

*

மறுநாள் மத்தியானம் ஐந்து துரைமார் பளபளக்கும் சப்பாத்தோடு தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சிவசாமி வெள்ளைக் கால்சட்டை போட்டு வந்திருந்தார். ஆங்கிலத்தில் ஏதேதோ விளக்கினார். பிறகு, "ஊத்து," என்றார்.

பூரணி படிகாரத் தண்ணீரை ஊற்றினாள். மீனம்மா பலகையால் கலக்கினாள்.

முதலில் ஒரு சலசலப்பு. அடுத்து நுரை. பால் பொங்குகிற மாதிரி கறுப்பு நுரை மேலே மேலே ஏறி, தொட்டி விளிம்பைத் தாண்டி, துரைமார் சப்பாத்தில் வழிந்தது. இரண்டு பேர் பின்னால் துள்ளினார்கள்.

"கண்டாக்கு, இது என்னா?" என்றார் துரை.

"இப்ப அடங்கிரும் தொரை... ஏய் பூரணி, சுண்ணாம்பு! சுண்ணாம்பைக் கொட்டு!"

"எவ்வளவுங்க ஐயா?"

"எல்லாத்தையும் கொட்டுடி!"

"மூட்டை முழுக்கவுங்களா?"

"கொட்டுன்னா கொட்டு!"

கொட்டினாள். கிளம்பிய காரத்தில் துரைமார் ஐந்து பேரும் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். கொழும்புக்காரர் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே காருக்கு நடந்தார். அவர் பின்னால் மற்ற விருந்தாளிகளும் போனார்கள், தோட்டத்துத் துரை மட்டும் நின்றார். பூரணிக்கும் கண்ணீர் வடிந்தது. அவள் துடைக்கவில்லை, அந்தக் கண்ணோடேயே சிவசாமியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூழைச் சாக்கில் ஊற்றிப் பார்த்தார்கள். ஆட்டுக்கல்லில் வழித்த மாவு போல அப்படியே நின்றது.

"தண்ணி எங்கே?" துரையின் முகம் சிவந்திருந்தது.

"இவ கழுவல்ல தொரை! எப்பவும் மூணு தண்ணி கழுவுவா, இன்னிக்கி வேணும்னே..."

"கழுவுறதா? நீ அது எனக்குச் சொன்னதில்லை. புத்தகத்துல இருக்குதா?"

துரை அவள் பக்கம் திரும்பினார்.

"பூரணி, நீ ஏன் கழுவினதில்லை?"

"ஐயா வேணாமுன்னாருங்க தொரை. மூணு தடவை கேட்டேன். மீனம்மாக்கா சாச்சி."

"ஆமாங்க தொரை. பொம்பளைப் புத்தின்னாரு," என்றாள் மீனம்மா, கேட்காததையும் சேர்த்து.

தலைக்கு மேலே இடி உருண்டது. முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. துரை வானத்தைப் பார்த்தார், விளிம்புவரை நின்ற தொட்டியைப் பார்த்தார்.

"மழை வந்தா இது எல்லாம் ஓடும். இப்போ எங்கே கொட்டுறது? சீக்கிரம் சொல்லு!"

"பழைய குழியிலேயே கொட்டிரலாங்க தொரை," என்றார் சிவசாமி.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனார். போன சொல்லைப் பிடிக்க முடியுமா?

"எந்தக் குழி?"

சிவசாமி தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் குழி வெட்டச் சொன்னதில்லை. எந்தக் குழி?"

"காட்டுங்க ஐயா," என்றாள் பூரணி மெதுவாக. "தொரைக்கு வழி காட்டுங்க."

மழைக்குள் நடந்தார்கள். பீலிக்கு மேலே, மக்கிப்போன மிலாற்றுக் குவியலைத் துரை தன் கைத்தடியால் தள்ளினார். கீழே குழி. ஒரு பக்கத்துக் கரை வாய் பிளந்தாற்போல உடைந்து கிடந்தது. அந்த உடைப்பிலிருந்து கறுப்புத் தடம் ஒன்று நேராகக் கீழே இறங்கியது. துரை அதைக் கண்ணால் தொடர்ந்து போனார். தடம் பீலியின் தலையில் போய் முடிந்தது.

அவர் தடியால் அந்தத் தடத்தைக் கீறிப் பார்த்தார். "எத்தனை பிள்ளை சுகமில்லாமப் போனது?" என்றார்.

"பதினொண்ணுங்க தொரை. ஒண்ணு திரும்பல்ல," என்றாள் பூரணி.

"நாளைக்கிப் பெரட்டுல, கண்டாக்கு, நீ சொல்லுறது. எல்லாருக்கும்."

*

காலை பெரட்டுக் களத்தில் இருநூறு பேர் நின்றார்கள். சிவசாமி தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

பூரணி முன்வரிசையில் நின்றாள். "கேக்கலீங்க ஐயா."

"...குழி நான் வெட்டுனது..."

"பின்னால காளியாயிக்குக் காது மந்தமுங்க ஐயா. கொஞ்சம் சத்தமா."

கூட்டத்தில் யாரோ கொக்கரித்தார்கள். துரை திரும்பிப் பார்த்ததும் அடங்கிற்று.

"பீலிக்கு மேல குழி வெட்டுனது நான்! தண்ணி கெட்டது அதால! பூரணி மேல குத்தமில்ல! போதுமா?"

"செவந்தி பேரைச் சொல்லலீங்களே ஐயா."

சிவசாமி அதையும் சொன்னார். அந்தப் பெயரை அவர் சொன்னபோதுதான் வரிசையின் கடைசியில் நின்ற வீரய்யா தலைத்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினான். பூரணி அழவில்லை.

"மனசு ஆறிச்சா?" என்று மீனம்மா கேட்டாள்.

"அவன் பேரைச் சொன்னான். பிள்ளை வரல்லையே."

அடுத்த கிழமை சிவசாமியை ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்றிய லொறி மாட்டுப்பட்டியைக் கடக்கும்போது நின்றது. முன் சீட்டிலிருந்து அவர் தலையை நீட்டினார்.

"பூரணி, அந்தத் தோட்டத்துலயும் கேஸ் தாங்கி கட்டுறாங்களாம். என்னைத்தான் பாத்துக்கச் சொல்லியிருக்கு. மூணு தண்ணின்னியே, நெசமா மூணேதானா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"அன்னிக்கிக் கோபத்துல சொன்னதுங்க ஐயா. ஒரு தண்ணி போதும். படிகாரத்தை மட்டும் நல்லா அள்ளிப் போடுங்க."

"அப்படியா?" அவர் தலையாட்டிக்கொண்டார். லொறி நகர்ந்தது.

மீனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி ஆத்தி! அங்கேயும் பொங்கும்! அங்கேயும் தொரை சப்பாத்துல! அங்கேயும் காயாது..."

பூரணியும் சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். "காயலைன்னா எங்க கொட்டுவான்?"

"எங்கயாச்சும் ஒரு குழி..." மீனம்மாவின் சிரிப்பும் நின்றது.

"அங்கேயும் லயம் இருக்குமில்லக்கா? பீலி இருக்குமில்ல?"

லொறி முதல் வளைவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பூரணி படங்கை இடுப்பில் சொருகிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினாள். தேயிலைக்குள் விழுந்து எழுந்து, கீழ்ரோட்டில் லொறிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டுக் கத்தினான்.

"மூணு!" என்றாள் அவள், மூச்சு இரைக்க. "மூணு தண்ணி. ரெண்டு நாள். அதுக்குப் பெறகுதான் படிகாரம், அதுவும் கொஞ்சமா. சுண்ணாம்பு ஒரு கை. கேட்டுச்சா?"

"அப்ப முன்னால ஏன்..."

"கேட்டுச்சான்னு கேட்டேன்."

"கேட்டுச்சு."

"திருப்பிச் சொல்லுங்க."

சிவசாமி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். "மூணு தண்ணி," என்றார் அவர். "ரெண்டு நாள். கொஞ்சம் படிகாரம். ஒரு கை சுண்ணாம்பு."

"ஒங்களுக்காகச் சொல்லல்ல. நீங்க நாசமாப் போனா நான் பொங்கல் வைப்பேன். அங்க பீலிக்கு மேல குழி இருக்குன்னு காதுல விழுந்துச்சுன்னா, ராகலை என்ன, நடந்தே வருவேன்."

அவள் ஒதுங்கி நின்றாள். லொறி போயிற்று. அவள் மலை ஏறி வந்து வாளியை எடுத்து, தொட்டியில் முதல் தண்ணீரை ஊற்றினாள்.